கை வைத்துக் காத்திரு

டெரிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதை அந்த ஹாலில் பார்த்த ஒரே ஜீவன் அவன் அக்கா பிரான்சிதான். மற்ற எல்லாரும் அவள் அப்பா டோனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோனி பேசும்போது வேறெங்காவது பார்ப்பது சிரமம். அவர் விடமாட்டார்.

டெரிக்குக்கு மூன்றரை வயது. மேலே பனியன், கீழே பிறந்தநாளுக்கு எடுத்த பேன்ட், ஒரு காலில் மட்டும் செருப்பு. இரண்டு கையாலும் ஓர் எவர்சில்வர் சம்படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தான். நிலைப்படியில் நின்று, திரும்பி, "போயிட்டு வரேன்" என்று முறையாகச் சொல்லவும் செய்தான். சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பெரியவர்கள் பேசும்போது குரலை உயர்த்தக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பையன் இரண்டையும் காப்பாற்றினான். அதனால் அது யார் காதிலும் விழவில்லை.

பிரான்சிக்கு ஏழு வயது. அவள் எழுந்து, பின்னால் கை கட்டி, ஓடாமல் நடந்துபோய், அப்பாவின் மணிக்கட்டில் தன் கையை வைத்தாள்.

இதுதான் டோனியின் பண்பு வகுப்புக்கே கிரீடம். குழந்தைக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமா? நடுவில் கத்தக் கூடாது, சட்டையை இழுக்கக் கூடாது. அப்பாவின் மணிக்கட்டில் கை வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்பா தன் கையை அதன்மேல் வைத்தால் 'உன்னைக் கவனித்துவிட்டேன்' என்று அர்த்தம். பேச்சு முடிந்ததும் கேட்பார். எந்த நாட்டு வீடியோவிலோ பார்த்த ஏற்பாடு. அதில் வந்த அப்பா ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷத்தில் பேச்சை முடித்துவிட்டார் என்பதை டோனி கவனிக்கவில்லை.

டோனி இப்போது மகள் கையின்மேல் தன் கையை வைத்தார். வைத்து, இரண்டு கையையும் சேர்த்துக் கொஞ்சம் உயர்த்தி, சபைக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா? நான் கூப்பிடல. சொல்லல. தானா வருது. இதத்தான் நான் முதலாவதாகச் சொன்னேன், பொறுமை. ஸ்கூல்ல இதச் சொல்லித் தருவாங்களா? சொல்லுங்க."

 தில்லை நகரில் பல் டாக்டராக இருக்கும் அனிஷா, "பாப்பா ஏதோ சொல்ல வருதே சார்" என்றாள்.

"வரட்டும் மேடம். அதுதான் பயிற்சி."

டோனி பொன்மலைக்காரர், ரயில்வே குடும்பம். பதினோரு வருஷம் இன்ஜினீயரிங் காலேஜ் காலேஜாகப் போய், பையன்களுக்கு டை கட்டவும் கை குலுக்கவும் கற்றுக்கொடுத்தவர். கொரோனாவில் காலேஜெல்லாம் மூடின. திறந்தபோது பையன்களுக்கு டை கட்டாமலே வேலை கிடைத்துவிட்டது. இவரை யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவு பண்பையும் வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், வேறு எங்கும் போக முடியாத வயதில். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று தீர்மானமாயிற்று. அம்மா பெலிண்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பளத்தில் வீடு நடந்தது, இவர் தலைமையில் வகுப்பு நடந்தது. இன்று சனிக்கிழமை. இதே மாதிரி பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்க நினைக்கும் கிறிஸ்தவப் பெற்றோர் சிலர், லால்குடியிலிருந்துகூட ஒரு தம்பதி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்திலிருக்கும் இந்த மாடி வீட்டுக்கு, டோனியின் அனுபவத்தைக் கேட்க வந்திருந்தார்கள். அனுபவம் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

பிரான்சி சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, தம்பி தனியாக வெளியே போய்விட்டான். இரண்டு, அந்தச் சம்படம்.

கீழ் வீட்டுக் கமலவல்லி மாமி நேற்று அதில் அக்காரவடிசல் கொடுத்தனுப்பினாள். நெய் வழிய வழிய டெரிக் அதைத் தின்று தீர்த்தான். தேங்க்யூ மட்டும் சொல்லவில்லை. இன்று காலை வகுப்பில் அதற்கு விசாரணை நடந்தது. "நன்றி சொல்லாம சாப்பிட்டது, எடுத்துச் சாப்பிட்ட மாதிரி" என்று டோனி தீர்ப்புச் சொல்ல, பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டான். மத்தியானம் முழுக்க அவன் அந்தச் சம்படத்தோடேயே அலைந்தான். பெலிண்டாவுக்கும் ஒரு சட்டம் உண்டு, ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். சர்க்கரை டப்பா டெரிக்குக்கு எட்டாது. விருந்தாளிகளுக்கு வாங்கி வைத்த சிக்கன் பஃப்ஸ் எட்டும். ஒன்றை எடுத்து, சம்படத்துக்குள் வைத்து, அழுத்தி மூடியதையும் பிரான்சி பார்த்தாள்.

கமலவல்லி மாமி வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூட வீட்டுக்குள் விடாதவள்.

"இரண்டாவதாக" என்றார் டோனி, "நன்றியுணர்வு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாத வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே தரையில் கோடு கோடாக விழுந்து, மெல்ல நகர்ந்து, லால்குடி மாமாவின் சாக்ஸ்மேல் ஏறியது. அப்பாவின் மணிக்கட்டு சூடாக இருந்தது. உள்ளே டுக் டுக்கென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் குரலிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், சத்தம் மட்டும் மிஞ்சியது, மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறும்போது கேட்குமே, அது மாதிரி. பிரான்சியின் இமை தாழ்ந்தது. கை வைத்த இடத்திலேயே இருக்க, அவள் மட்டும் கிளம்பித் தம்பி பின்னால் போனாள்.

மாமி வீட்டில் பூட்டு தொங்கியது. மாமி இந்த நேரத்தில் பெருமாளைச் சேவிக்கப் போயிருப்பாள். அப்படியானால் டெரிக்கும் அங்கேதான் போவான். அதோ போகிறான், சந்து தாண்டி, பஸ் தாண்டி, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெயிலுமாக. ராஜகோபுரம் வந்துவிட்டது. அத்தனை பெரிய வாசல், ஆனால் யாரும் 'உள்ளே வா' என்று சொல்லவில்லையே. கதவு திறந்திருந்தாலும் தட்ட வேண்டும். டெரிக் கல்லில் மெதுவாகத் தட்டுகிறான். கோபுரத்திலிருந்த வண்ண வண்ணப் பொம்மைகளெல்லாம் குனிந்து பார்க்கின்றன.

"யாருப்பா அது?"

"நான் டெரிக். மாமி இருக்காங்களா?"

"உள்ள வா, உள்ள வா."

உள்ளே போனால் ஒரு தெரு. பூக்கடை, வளையல் கடை, சைக்கிள். தெரு முடிந்ததும் இன்னொரு மதில், இன்னொரு வாசல். டப்பாவுக்குள் டப்பா வைத்த மாதிரி ஏழு மதில் உண்டு என்று மாமி சொல்லியிருக்கிறாள். ஏழிலும் தட்டுகிறான். தட்டத் தட்ட வாசல்கள் சின்னதாகிக்கொண்டே வருகின்றன, வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது, துளசி வாசனை வருகிறது. கடைசியில், மாமி வீட்டுக் காலண்டரில் இருக்கிற அதே பெருமாள், பாம்புமேல் நீட்டிப் படுத்துத் தூங்குகிறார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது. டெரிக் சம்படத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய கறுத்த மணிக்கட்டில் தன் கையை வைத்துக் காத்திருக்கிறான்.

ரொம்ப நேரம் காத்திருக்கிறான். காவிரி இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் போகிறது.

பிறகு, கண் திறக்காமலே, அந்தப் பெரிய கை நகர்ந்து வந்து சின்னக் கையின்மேல் உட்காருகிறது. "சொல்லு" என்கிறார் அவர். உடனே. முதல் தடவையே.

"...ஏன்னா நம்ம ஆண்டவரே ஒரு பர்ஃபெக்ட் ஜென்டில்மேன்!" என்றார் டோனி.

பிரான்சி திடுக்கிட்டு விழித்தாள். அவளுடைய பைபிள் படப் புத்தகத்தில் ஆண்டவர் சாட்டையோடு வந்து, கோயிலில் கடைபோட்டவர்களின் மேஜையையெல்லாம் கவிழ்க்கிற படம் ஒன்று இருந்தது. அப்போது 'எக்ஸ்கியூஸ் மீ' சொன்னாரா என்று ஒருநாள் அப்பாவைக் கேட்க வேண்டும். இன்றைக்கு அல்ல. கை மரத்துப்போயிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சார், குழந்தை அழுவுது" என்றாள் அனிஷா, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

டோனி புன்னகையோடு மகள் பக்கம் குனிந்தார். வெற்றிக் கட்டம் இதுதான். "எஸ், மை டியர். பொறுமையா காத்திருந்ததுக்கு நன்றி. இப்ப சொல்லலாம்."

"எக்ஸ்கியூஸ் மீ டாடி. குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "தம்பி வெளிய போயிட்டான்."

"வெளியன்னா?"

"கதவத் தெறந்து. தனியா."

"எப்போ?"

"நீங்க முதலாவதாகச் சொன்னப்போ."

டோனி அப்போது ஐந்தாவதாகவை முடித்திருந்தார்.

 டோனி எழுந்தார் என்று சொல்ல முடியாது, கிளம்பினார். டீபாய் சாய்ந்தது, பஃப்ஸ் தட்டு கவிழ்ந்தது, லால்குடி மாமாவின் காலை மிதித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. "டேய்! டெரிக்! டேய்ய்!" 'டேய்' என்பது அந்த வீட்டில் தடை செய்யப்பட்ட சொல். செருப்பில்லாமல், மூன்று மூன்று படியாகத் தாவி, வாசல் கேட்டை இடித்துத் திறந்துகொண்டு சந்தில் ஓடினார். காவிரிப் படித்துறைப் பக்கம். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. விருந்தாளிகளும் பின்னால் ஓடினார்கள்.

பிரான்சி படியில் ஓடவில்லை. படியில் ஓடக் கூடாது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கினாள். அதனால்தான் அவளுக்குத் தெரிந்தது. மாடிப்படிக்குப் பின்பக்கம், ஸ்கூட்டர் நிறுத்துகிற இருட்டு மூலையில், மாமி வீட்டு வாசல். அங்கே பூட்டிய கதவுக்கு முன்னால், மூக்கு கதவில் இடிக்கிற தூரத்தில், டெரிக் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"டேய் தம்பி!"

டெரிக் திரும்பி, விரலை உதட்டில் வைத்தான். "மூணு தடவ தட்டிட்டேன்" என்றான் ரகசியமாக. "இன்னும் உள்ள வான்னு சொல்லல."

"பூட்டியிருக்குடா லூசு. மாமி கோயிலுக்குப் போயிருக்காங்க."

"சொல்லுவாங்க."

பிரான்சி அவனைக் கட்டிப்பிடித்தாள். அவன் பனியனெல்லாம் வியர்வை. தூரத்தில் அப்பாவின் குரல் கேட்டது, உடைந்து, போகப் போகச் சின்னதாகி. பிரான்சி கேட்டுக்கு வந்தாள். சந்தின் கோடியில் வெள்ளைச் சட்டை படித்துறைப் பக்கம் திரும்பப்போகிறது. மணிக்கட்டு எட்டாத தூரம்.

"டாஆஆடி!"

அப்படியொரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. எதிர் வீட்டுக் காக்கைகள் எழும்பின. லால்குடி மாமி காதைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைச் சட்டை நின்றது, திரும்பியது.

டோனி வந்து சேர்ந்தபோது அவரிடம் பேச்சே இல்லை. அந்த ஊரில் அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவினார். ஈரமில்லை. இன்னொரு தடவை தடவினார். பிறகு மாமி வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரான்சி அதற்குள் தம்பிக்கு ஏழு வாசல் கதையை ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது வாசலுக்கு வந்திருந்தாள். டோனியின் வாய் ஒரு தடவை திறந்தது, மூடியது. அவர் மெல்லக் கையை நீட்டி, மகளின் சின்ன மணிக்கட்டில் வைத்தார்.

பிரான்சி பார்த்தாள். தன் இன்னொரு கையை அப்பா கையின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு நாலாவது வாசலுக்குப் போனாள். அவளொன்றும் அவசரப்படவில்லை. விருந்தாளிகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு போனார்கள். வெயில் சாய்ந்து, மாடிப்படி நிழல் அவர்கள்மேல் நீண்டது. பெரிய கை வந்து சின்னக் கையின்மேல் உட்கார்ந்த இடம் வந்தபோது டோனி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முடிஞ்சுது" என்றாள் பிரான்சி. "இப்ப சொல்லுங்க டாடி."

"சாரிம்மா" என்றார் டோனி. அவ்வளவுதான். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சின்னச் சொற்பொழிவு.

பெலிண்டாவின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. யூனிஃபார்மோடு இறங்கியவள் மூன்று பேரையும், கணவரின் வெறுங்காலையும் பார்த்தாள்.

"என்ன டோனி, கிளாஸ கீழ மாத்திட்டீங்களா?"

"தம்பி தொலஞ்சு போயிட்டான் மம்மி. கெடச்சுட்டான்" என்றாள் பிரான்சி.

பெலிண்டா ஹெல்மெட்டைக் கழற்றாமலே டெரிக்கைத் தூக்கிக்கொண்டாள். டோனி தொண்டையைக் கனைத்தார். "பெலிண்டா, ஆக்சுவலா இதுல ஒரு பாயின்ட் இருக்கு. அவன் ஏன் ரோட்டுக்குப் போகல? கதவ தட்டிட்டு வெயிட் பண்ணணும்னு நான்..."

ஹெல்மெட் அவர் பக்கம் திரும்பியது. பாயின்ட் நின்றுவிட்டது.

அப்போதுதான் கமலவல்லி மாமி வந்தாள், கையில் துளசியும் குங்குமமுமாக. "ஏன் எல்லாரும் வாசல்ல உக்காந்துண்டிருக்கேள்? கொழந்தே, என்னடா இது கோலம்?" பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். "உள்ள வாங்கோ."

டெரிக் அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். அந்தச் சொல்லுக்காகத்தானே இவ்வளவு நேரம். இரண்டு கையாலும் சம்படத்தை நீட்டி, "தேங்க்யூ மாமி" என்றான்.

பிரான்சிக்கு அப்போதுதான் இரண்டாவது விஷயம் ஞாபகம் வந்தது. "மம்மி! அதுக்குள்ள சிக்க..."

மாமி மூடியைத் திறந்துவிட்டாள். உள்ளே பார்த்தாள். "காலியா இருக்கேடா?"

"பசிச்சுது" என்றான் டெரிக். "சாப்பிட்டேன்."

பெலிண்டா பாய்ந்து சம்படத்தைப் பிடுங்கி, "கழுவித் தரேன் மாமி, ஒரே நிமிஷம்" என்று மாடிப்படியில் ஓடினாள். பாதிப் படியில் நின்று, மேலே பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அந்த வீட்டில் எத்தனையோ நன்றி சொன்னார்கள். மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.