மஸ்னியாவின் எடை

மஸ்னியா ஏறினால் படகு மூழ்கிவிடும் என்பதால், பாரித்தோ ஆற்றுப் படகுக்காரர்கள் அவளுக்கென்று மரம் ஏற்றும் தெப்பம் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். ஆள் என்னவோ முருங்கைக்காய் மாதிரிதான் இருப்பாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றே ஒன்று வந்தது. கேட்டு வந்தவர்களோ படித்துறை கொள்ளாத கூட்டம். யாருக்கு என்று முடிவு செய்ய டாக்டர், பள்ளிவாசல் இமாம், டீச்சர் மஸ்னியா என்று மூவர் குழு போட்டார்கள். பேசுவது மூன்று பேர். "இல்லை" என்று போய்ச் சொல்வது மட்டும் மஸ்னியா. ஆண்பிள்ளைகளின் வீரம் அவ்வளவுதான். முதலில் தேங்காய் வியாபாரி ஜர்க்காசிக்கு இல்லை என்று சொன்னாள். அவன் செத்த அன்று அவனுடைய எடை முழுவதும் அவள்மேல் வந்து ஏறியது, நாற்காலி முறிந்தது. பிறகு ஆண்டுதோறும் ஆட்கள் ஏறினார்கள். தச்சர் அவள் வீட்டுத் தரைக்கு அடியில் புதுத் தூண்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம் ஏறியது ஒரு சிறுமி, எடை கொஞ்சம்தான். ஆனால் மஸ்னியா படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டது அன்றுதான்.

மெஷினில் மறுபடி ஓர் இடம் காலியானபோது குழு வடிகட்டியதில் மிஞ்சியவர்கள் இருவர்: மஸ்னியாவின் தம்பி ஹம்தான், மேலாற்றிலிருந்து வந்த யுலிதா. ஒரே வயது, ஒரே அளவு நோய், இரண்டு வீட்டிலும் சின்னக் குழந்தைகள். டாக்டர் கையை விரித்தார்.

"கூடப்பொறந்தவன். குடுத்துட்டுப் போ, யாரு கேக்கப்போறா?" என்றார்கள் ஊரார். மஸ்னியா சோறு இறங்காமல் கிடந்தாள்.

மாதச்சீட்டு கூடியது. பெயர்ச்சுருளைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, வெளியே விழுகிறவருக்குப் பணம். எங்கள் பெண்களுக்குக் கைவந்த வேலை. வாழைப்பழ பஜ்ஜி விற்கிற ருசியா கத்தினாள்: "காசுன்னா எல்லாரும் குலுக்குறோம். பாவத்த மட்டும் நீ ஒருத்தியா கட்டிக்கிட்டு அழுவியா? பெரிய மகாராணி! எடுத்துட்டு வாடி பாட்டில!"

இருவர் பெயரையும் சுருட்டிப் போட்டு, கைமாறிக் கைமாறி எல்லாப் பெண்களும் குலுக்கினார்கள். யுலிதாவின் பெயர் விழுந்தது. சீட்டு விழுந்தவர், தேவை அதிகமுள்ளவருக்கு முறையை விட்டுக்கொடுப்பது இங்கே மரியாதை. யுலிதாவும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டாள்: "அக்கா, வேணும்னா ஒங்க தம்பியே மொதல்ல..."

"சரி" என்று ஒரு சொல் சொன்னால் தம்பி பிழைப்பான். மஸ்னியா யுலிதாவை அதட்டினாள்:

"வாய மூடு. அடுத்த மாசம்னு ஒண்ணு ஒனக்கு இல்லடி."

வாசலில் உட்கார்ந்திருந்த ஹம்தான் சிரித்தான். "விடுக்கா. சீட்டுல எனக்கு என்னிக்கு விழுந்திருக்கு?"

அவன் மழைக்காலத்தில் இறந்தான். அவனுடைய எடை அன்று குலுக்கிய அத்தனை பெண்கள்மேலும் சரிபங்காக இறங்கியது. சந்தைக்குப் போன படகுகள் விரற்கடை தாழ்ந்தன. மஸ்னியாவுக்கும் அதே பங்குதான். அவள் வீடு வீடாகப் போய், "எந்தம்பிடி அவன், எனக்குக் கொஞ்சம் சேத்துக் குடுங்கடி" என்று கெஞ்சி அழுதாள். கொடுக்கும் வழி யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு எப்போதும் பாட்டில்தான். பெண்களுக்கான படகு என்றால் எங்கள் ஊர்த் தச்சர்கள் இப்போது கேட்காமலே பக்கப்பலகையை உயர்த்தி அடிக்கிறார்கள்.