வடகடலில் நான் மூழ்கடித்த மனிதர்

டென்மார்க்கின் லெம்விக் துறைமுகத்தை மூன்று தலைமுறையாக நிர்வகித்த குடும்பம் எங்களுடையது. மகள் ரிக்கே கணவன் இல்லாமல் கருவுற்றபோது, மாப்பிள்ளை எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தவர், வடகடலில் இறந்துவிட்டார் என்று ஊரில் நானாகவே சொல்லிவைத்தேன். கோபன்ஹேகனில் இருந்த ரிக்கேயின் காதுக்கு அது எட்டவில்லை. ஏழு வருடங்கள் ஓடின.

என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இருபத்திரண்டு பேருக்கு மதிய விருந்து வைத்தேன். பக்கத்து வீட்டு ஐனர் இரண்டாவது கோப்பை ஸ்நாப்ஸ் சாராயத்துக்குப் பிறகு என் பேத்தி லேர்கேயின் தலையைத் தடவினார்.

"உங்கப்பா தைரியசாலிம்மா. வருஷா வருஷம் சர்ச்சுல அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்."

"எனக்கு அப்பா கிடையாது. டோனர்தான் இருக்காரு," என்றாள் லேர்கே. "அவரு விதை குடுத்தாரு. குளிர்பெட்டியில வச்சிருந்தாங்க. அம்மா சைக்கிள்ல டாக்டர்கிட்ட போய்ப் போட்டுக்கிட்டா. எனக்குப் பதினெட்டு ஆனா அவருக்கு லெட்டர் எழுதலாம்."

யாரோ சிரித்தார்கள். ஐனர் விடவில்லை.

"அவர் கடல்ல செத்துட்டாரும்மா. உங்க தாத்தாவே சொன்னாரு."

லேர்கேயின் முள்கரண்டி பாதியில் நின்றது. அவள் ஐனரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"டோனர் செத்துட்டாரா? அப்ப அவருக்கும் என்னை மாதிரி காதை ஆட்டத் தெரியுமான்னு நான் யார்கிட்ட கேக்கறது?"

உதடு பிதுங்கிற்று. அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, ஊர்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்றாள் ரிக்கே.

ஐனர் போதையில் உளறுகிறார் என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் குழந்தை கண்ணை எடுக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தது. விருந்தில் பேச எழுபவர் செய்வதுபோல், கத்தியால் கோப்பையைத் தட்டி எழுந்தேன்.

"கடல்ல யாரும் சாகலை. அப்படி ஒரு மாப்பிள்ளையே கிடையாது. நான் சொன்னது பொய்."

"ஏழு மெழுகுவத்தி, ஹென்னிங்!" என்றார் ஐனர்.

"எங்களுக்கு எப்பவோ தெரியும்," என்றாள் என் தங்கை குட்ருன். "டாக்டர்கிட்ட போனதை ரிக்கே அன்னைக்கே சொல்லிட்டா. உன் முன்னால மட்டும் நாங்க வாயைத் திறக்கிறதில்ல."

"அப்ப உயிரோட இருக்காரா?" என்றாள் லேர்கே.

"இருப்பாரும்மா."

"சரி," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டோடு அம்மா பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கோப்பையைத் தட்டி எழுந்தவன் பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து வாழ்த்திக் குடிப்பது எங்கள் வழக்கம். நான் கோப்பையை உயர்த்தியபடியே நின்றேன். யாரும் தங்கள் கோப்பையைத் தொடவில்லை.