மூச்சுக் கோடு

திரையில் ஒரு பச்சைக் கோடு. ஏறுகிறது, இறங்குகிறது, நடுங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே சாலிகிராமத்துக் கார்த்திகை மழை. இரண்டும் விடுவதாக இல்லை.

நடுங்குகிற இடங்களை விரலால் தொட்டுப் பார்ப்பேன். வெறும் கண்ணாடி. சில்லென்று இருக்கும்.

அந்தக் கோடு என் வீட்டுக்காரர் ஜெபசிங்கின் மூச்சு. அவர் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது.

சினிமாப் பாட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் வாத்தியம் சேர்ப்பது என் பிழைப்பு. நான் போடும் வயலினுக்கு வில் கிடையாது. எந்த நொடியில் எவ்வளவு அழுத்தம் என்று மவுஸால் கோடு வரைவேன். அதைப் படித்துக் கம்ப்யூட்டர் வாசிக்கும்.

அடியில் பூஜ்யம். உச்சியில் நூற்று இருபத்தேழு. அழுகையோ ஆனந்தமோ, எந்தக் கண்றாவியானாலும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

அவர் புல்லாங்குழல் வாசிக்கிறவர். வாசித்தவர். நுரையீரல் இறுகிப்போகும் நோய் வந்தது. மூங்கிலில் ஊதினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. நாதம் வரவில்லை.

அப்போதுதான் மூச்சுக்கருவி ஒன்று வாங்கினேன். வாயில் வைத்து ஊதும் சின்னக் குழல். ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரில் சேரும். பச்சைப் பிள்ளை ஊதினாலும் போதும். மூச்சு கோடாகும். கோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரின் புல்லாங்குழல் பாடும்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு மதியம் நாலு நிமிஷம் ஊதினார். சொந்த மெட்டு. வரிக்கு வரி திணறல். இரண்டு இடத்தில் இருமல். ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை, முழுசாக ஏழு நொடி.

ஒலியாகப் பதிவு செய்யவில்லை. கோடாக மட்டும் வைத்துக்கொண்டேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

"அம்மாட்ட மட்டும் சொல்லிராத, பியூலா. தாங்க மாட்டா."

பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் போன் பேசும் முன்னால் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்வார். பேசுவார், சிரிப்பார். போனை வைத்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அத்தைக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

மார்கழி பிறந்தது. தொண்டைக்குள் குழாய் போடவா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். போட்டால் பிறகு எடுப்பது கஷ்டம் என்றும் சொன்னார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாம்.

நான்தான் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்றாம் நாள் வீட்டில் வைத்துப் போய்விட்டார்.

அத்தை வந்து பார்த்தது பெட்டியைத்தான். "போன வாரம் எங்கிட்ட சிரிச்சுப் பேசுனானே! குழாயப் போட்டிருந்தா எம்புள்ள பொழச்சிருப்பான். கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டியேளா!"

கல்லறைத் தோட்டத்தில், எல்லார் முன்னாலும். பாதிரியார்கூடக் குனிந்துகொண்டார். அதன் பிறகு அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் என்ன சொன்னால் எனக்கென்ன. அந்த ஒரு வாய், நீ கொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அத்தைக்கு வெறும் காகிதம். காதால் கேட்டால் நம்புவாள். அவர் எப்படித் திணறினார் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கோடு.

நினைவு நாளுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டேன். கோட்டை ஒலியாக்கி போனில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு வருஷமாகத் திறந்து பார்த்ததோடு சரி. ஓட விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பழைய புல்லாங்குழல் மென்பொருள் காலாவதியாகியிருந்தது. புதியதற்கு மூச்சுக் கோட்டைப் படிக்கத் தெரியாது. வேறு வகைக் கோட்டைத்தான் படிக்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டும். இரண்டு நொடி வேலை.

மாற்றும்போது ஒரு சின்னக் கட்டம் வரும். கோட்டில் இருக்கும் புள்ளிகளைக் குறைக்கவா? தினமும் அதைச் சொடுக்குகிற கை இது. குறைக்காவிட்டால் பாட்டு கனத்துக் கம்ப்யூட்டர் திணறும்.

சொடுக்கினேன். சேமித்தேன். மூடினேன். ஒரே மூச்சில் மூன்றும். மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

திரும்பத் திறந்தேன். நடுக்கம் இல்லை.

ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருந்த இடத்தில் முப்பத்தொன்று. நடுவே வழவழவென்று வளைவுகள். இருமல் இல்லை. திணறல் இல்லை. அந்த ஏழு நொடிகூட ஒரு மெல்லிய சரிவாகியிருந்தது.

ஓட விட்டேன். அழகாக இருந்தது, சனியன். ஒரு நோயும் இல்லாத மனுஷன் சாவகாசமாக உட்கார்ந்து ஊதுகிறான்.

சினிமாக்காரன் பாட்டுக்கு நாலு பிரதி வைப்பவள் நான். இதற்கு ஒன்றுதான் வைத்திருந்தேன். இவரை இரண்டாக எடுக்க மனம் வரவில்லை. இப்போது அந்த ஒன்றும் இல்லை.

தலையில் அடித்துக்கொண்டேன். அத்தை இதைக் கேட்டால் என்ன சொல்வாள்? இவ்வளவு நல்லா மூச்சு விட்டவனையா குழாய் வேண்டாம்னு கூட்டிட்டு வந்த? என் சாட்சி எனக்கு எதிராகவே திரும்பிவிட்டது, அதுவும் என் கையாலேயே.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. திரையில் கோடு வரையும் பென்சில் கருவியை எடுத்தேன்.

இரண்டு பகல் வரைந்தேன். எனக்குத் தெரியாதா அவர் திணறல்? இந்தக் காதுக்குப் பக்கத்தில் எட்டு மாசம் கேட்டது. இங்கே ஏறும், பாதியில் அறுபடும். இங்கே நாற்பதுக்கு மேல் எழும்பாது. இங்கே இருமல்.

நானே மூச்சைப் பிடித்து, விட்டு, பிடித்து, அதன்படி வரைந்தேன். நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

பொய்தான். இப்படித்தான் இருந்தது என்று சொல்லும் பொய். போனில் ஏற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

பாளையங்கோட்டையில் நல்ல வெயில். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு அத்தையின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவர் கடைசியா ஊதுனது அத்தை. கேளுங்க." அவ்வளவுதான் சொன்னேன். போனை அவள் மடியில் வைத்தேன்.

முதல் திணறலில் அத்தையின் முகம் திரும்பியது. இருமல் வந்த இடத்தில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஏழு நொடி ஒன்றுமில்லாமல் போனபோது அவளும் மூச்சு விடவில்லை.

"இம்புட்டுப் பாடா பட்டான்? கர்த்தாவே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, பாவிப்பய!"

என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது. "நான் ஒன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், பிள்ள. மனசுல வச்சுக்கிடாத. அவன இன்னும் கெடத்தி வதைக்காம கூட்டிட்டு வந்தியே."

ஒரு வருஷம் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. வந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

"திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். மூன்றாவது நிமிஷத்தில் சட்டென்று விரலைத் தூக்கினாள்.

"இந்தா, இங்கன! கேட்டியா? சின்னதுல அழுது ஓஞ்சு தூங்கப் போற முன்ன, நெஞ்சு விம்மி இப்படித்தான் ஒரு மூச்சு விடுவான். அதேதான்ளா. எம்புள்ள மூச்சு எனக்குத் தெரியாதா!"

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த இடத்தில் நான் எதையும் வரையவில்லை. வரையும்போது தும்மல் வந்து மவுஸ் வழுக்கி விழுந்த கோடு அது. அழிக்க வேண்டும் என்று நினைத்து மறந்துபோனேன்.

"ஆமா அத்தை" என்றேன். "அவரேதான்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன்.