பாம்புக்கு வைத்த முட்டை

விசாலாக்ஷியின் டீச்சர் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பது, காலை பத்து மணிக்கு வரப்போகும் ஒரு நடுவர் கையில் இருந்தது. "சரித்திரக் கண்காட்சியில் பரிசு வாங்குங்கள், பார்க்கலாம்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவளும் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தெர்மோகோலில் பழைய ரோமானிய வீடு ஒன்றையே கட்டிவிட்டாள். நடுவே முற்றம், சுவரில் வீட்டு தெய்வங்கள் நிற்கும் மாடம், அதன் கீழே, பலிபீடத்தை நோக்கி நெளிந்து வரும் பாம்பு.

அவள் பார்த்துச் செய்த புத்தகத்துப் படத்தில் பீடத்தின் மேல் முட்டை இருந்தது. ஆனால் அவள் வீட்டில் முட்டை வாசற்படி தாண்டியதில்லை. களிமண்ணில் செய்தால்கூட அம்மா வீட்டையே கழுவிவிடுவாள். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பத்தடிக்க ஐந்து நிமிடம். முந்தின நாளே பள்ளி ஹாலில் கொண்டுவந்து வைத்த வீட்டைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வந்தாள். ரோமானிய தெய்வங்களின் நெற்றியில் குங்குமம். மாடத்தைச் சுற்றிக் கதம்பம். பீடத்தில் நிஜக் கோழிமுட்டை! பக்கத்தில் துடைப்பத்தோடு ஆயா சுப்பம்மா.

"யார் சுப்பம்மா இதெல்லாம் பண்ணச் சொன்னா?"

"சாமி வெறும் நெத்தியா நின்னுகினு இருந்துச்சு டீச்சர். மனசு கேக்கல."

முட்டையை எடுக்கலாமென்றால் அதைத் தொடவே கை கூசியது. அதற்குள் நடுவர் ஸ்ரீரங்கன் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியர். குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். அந்த அரை நிமிஷத்தில் விசாலாக்ஷி மனதுக்குள் வேலையை விட்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

"பலே! விசேஷ நாள்னா அவா இப்படித்தான் மாலை போடுவா. முட்டைகூட இருக்கே! எல்லாரும் இதைத்தான் விட்டுடுவா. எப்படித் தோணித்து?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. 'படத்தில் பார்த்தேன்' என்றால் போதும், அது பொய்கூட இல்லை. ஆனால் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்து நின்ற சுப்பம்மாவைப் பார்த்ததும் அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான் விட்டுட்டேன் சார். இவங்கதான் வெச்சாங்க."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் ஸ்ரீரங்கன்.

"தெரியறதுக்கு இன்னா கீது சார்? பாம்பு வந்து நிக்குது, பீடம் காலியா கீது. வூட்டுக்கு வந்தத பட்டினி போடுவாங்களா?"

ஸ்ரீரங்கன் வாய்விட்டுச் சிரித்தார். முதல் பரிசு அட்டையை மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தார். விசாலாக்ஷிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"முட்டைக்கு எங்கே போனே சுப்பம்மா?"

"மத்தியானச் சோத்துக்கு அவிச்சு எடுத்தாந்தது டீச்சர்."

அன்று மத்தியானம் மணி அடித்ததும், விசாலாக்ஷி தெருமுனை டீக்கடைக்குப் போய், தன் வாழ்நாளில் முதல் முறையாக ஓர் அவித்த முட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தாள்.