மேடையில் திக்கியவன்

பொர்த்தொலோவுக்குத் திக்குவாய். பாடும்போது மட்டும் ஒரு சொல்கூடத் தடுக்காது. எங்கள் கொண்டோலாப் படகின் பின்முனையில் நின்று அவன் துடுப்பு போடுவான், முன்முனையில் நான். கால்வாய்த் திருப்பங்களில் எதிர்ப்படகுக்குக் குரல் கொடுக்க வேண்டுமே, அதையும் ராகம் இழுத்துத்தான் கூவுவான். வெனிஸில் அந்தக் குரலைத் தெரியாதவர் இல்லை.

அந்த வருடக் களியாட்டக் காலத்தில் புதிதாக ஓர் இசை நாடகம் போட்டார்கள். எஜமானர்கள் மேலே மாடங்களில் இருப்பார்கள். படகுக்காரர்களான எங்களுக்குக் கீழே இலவச இடம். பாட்டு பிடித்தால் கூரை அதிரக் கத்துவோம். பிடிக்காவிட்டால் சீழ்க்கைதான்.

நடுவில் ஒரு பாடகன் கொண்டோலாக்காரன் வேடத்தில் மேடைக்கு வந்தான். காதலியின் பெயரைச் சொல்ல முடியாமல், "நி... நி... நி..." என்று கோழி மாதிரிக் கழுத்தை வெட்டி வெட்டி இழுத்தான். பிறகு வாயைத் திறந்து தங்கு தடையில்லாமல் பாடினான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கத் தொடங்கிய எங்கள் ஆட்கள் பொர்த்தொலோவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"சீழ்க்கை அடிச்சு அவனை இறக்கிடலாமாடா?" என்றேன்.

"வே... வேணாம். பா... பாட்டு நல்லாருக்கு."

முகம் மட்டும் சிவந்து கிடந்தது.

மறுநாள் மதியம் அதே பாடகன் எங்கள் படகில் ஏறினான். பெயர் கஸ்பாரோ, பெர்கமோக்காரன், ஊருக்குப் புதுசு.

"எ... எ... எங்க போகணும்?" என்று கேட்டான் பொர்த்தொலோ.

கஸ்பாரோவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என்னய்யா, நக்கலா? நாடகம் பாத்தா பாத்ததோட இருக்கணும்."

"இ... இ... இல்லைங்க..."

"பாரு, மறுபடியும்!"

"அவன் பேச்சே அப்படித்தாங்க. நீங்கதான் அவனை மாதிரி நடிக்கிறீங்க" என்றேன் நான்.

கஸ்பாரோ உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போனான். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. சொல்லிக் குடுத்ததைச் செஞ்சேன்" என்றான் மெதுவாக.

படகு எங்கள் தெருப் பாலத்தைத் தாண்டியது. மேலே ஜன்னலில் பொர்த்தொலோவின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஒர்சோலா! வெ... வெ... வெங்காயம் வாங்கிட்டியா?"

"வாங்கியாச்சு! ஊர் சுத்தாம வந்து சேரு!"

கஸ்பாரோ நிமிர்ந்தான். "அவங்க பேரு மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமா வருது?"

"தெ... தெரியலைங்க. அ... அது மட்டும் தடுக்காது."

அன்று மாலை நாங்கள் மறுபடியும் அரங்கில் இருந்தோம். மேடையில் கஸ்பாரோ காவலனிடம் திக்கினான், எஜமானிடம் திக்கினான்; சிரித்தார்கள். காதலி வந்தாள். அவன் பாடாமல், சாதாரணக் குரலில், "நினெத்தா" என்றான். ஒரே மூச்சில். சிரிக்கக் காத்திருந்த கூட்டம் சிரிக்கவில்லை. மாடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சியது கீழே எங்களுக்கே கேட்டது. பொர்த்தொலோ எழுந்து நின்று கத்தினான், வார்த்தையே இல்லாமல். நாங்களும் கத்தினோம்.

சிரிப்பு குறைந்துவிட்டதென்று நாடகக்காரர் கஸ்பாரோவைத் திட்டினாராம். அவன் நாடகம் நடந்த கடைசி நாள்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அரங்கிலிருந்து திரும்பிய அன்றிரவு, வீட்டில் பொர்த்தொலோ எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஒர்சோலா பொறுமையாகக் கேட்டாள்.

"ஆமா, அந்தப் பொண்ணுக்கு என்ன பேரு வெச்சிருந்தாங்க?"

"நி... நி... நினெ..."

"போதும் போதும், அந்தப் பேரு உனக்கு வரவே வேணாம்" என்று சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு மத்தி மீனை வைத்தாள்.