அண்ணன் அனுப்பிய வன்னி மரம்

கொட்டகலை மாலை வகுப்பில் உயிரியல் ஒப்படை ஒன்று தந்திருந்தார்கள்: பாலைவன மரம் ஒன்றின் இயல்புகளும் வாழிடமும். நான் வன்னியை எடுத்தேன். ஆணிவேர் நீரைத் தேடி மிக ஆழமாகப் போகும். கோடையிலும் பச்சை மாறாது. துபாய் மணலில் அது தானாக வளரும். அங்கேதான் அண்ணன் கணேசமூர்த்தி எட்டு மாதமாக இருக்கிறான்.

வீட்டில் ஒருவராவது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தால்தான் தோட்டம் தந்த லயத்து வீடு கையில் இருக்கும். அம்மாவுக்கு இடுப்பு முடியாது. அதனால் அவன் போனபோது தோட்டத்துப் பதிவில் அவன் பேர் இருந்த இடத்தில் என் பேரைப் பதிந்தோம். நான் பகல் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

வன்னியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மரத்தடியில் சிரித்தபடி நின்று ஒன்று அனுப்பினான்.

குறிப்போடு ஒப்பிட்டேன். வன்னியின் முள் சிறியது. கிளை நெடுகச் சிதறியிருக்கும். படத்தில் இலையடியில் இரண்டிரண்டாக, வெள்ளையாக, நீளமாக இருந்தது. வன்னியின் கிளைகள் தொங்கும். இது விரித்த குடை போலத் தட்டையாக நின்றது. நான்தான் தவறாகப் பார்க்கிறேனோ என்று மறுபடி பார்த்தேன். அந்த நாட்டில் குடை வடிவ வேலமரமும் உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. 'அண்ணனுக்கு மரம் தெரியாது' என்று ஓரத்தில் எழுதினேன்.

பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு மரம். பேரீச்சை என்று நினைத்தேன். பேரீச்சை ஓலை இறகு மாதிரி இருக்கும். இது விசிறி மாதிரி. அடியில் நுங்குக் குலை கறுப்பாகத் தொங்கியது.

அழைத்தேன்.

"அண்ணே, எங்க இருக்க?"

"துபாய்லதான். மரம் போதுமா, வேரையும் புடுங்கி அனுப்பணுமா?"

"பின்னால நொங்கு தொங்குது."



"மன்னார்ல இருக்கேன் பிரேமி. கடை ஒண்ணுல. தெனம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நின்னு வெறுத்துப் போச்சு. சும்மா போறேன்னா நீ விட்டிருப்பியா?"

"நான் படிப்ப விட்டேன்ல."

"நீ கெட்டிக்காரி, எப்ப வேணும்னாலும் படிச்சிக்குவ. அம்மா இன்னும் ஒன்கிட்ட சொல்லலியா?"

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

அவர் திரும்பவில்லை. "தெரிஞ்சிருந்தா நீ பேர் குடுத்திருப்பியா?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை.