செமிசியின் வலது தோள்

என் எட்டாம் நம்பர் ஜெர்சியைப் பிடுங்கிக்கொண்டவன் டோங்கா தீவுக்காரன் செமிசி. சிட்னியில் அவன் ஆடிய வீடியோவைப் பார்த்து மயங்கி, எங்கள் ஹேவர்டன் ரக்பி கிளப் சேர்மன் பிளேன் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். இந்த ஊருக்காக வருஷக்கணக்கில் பல்லை உடைத்துக்கொண்ட எனக்கு பெஞ்ச். வயிறு எரியாதா? பயிற்சியில் அவன் விலாவில் முழங்கையால் குத்துவேன். "நல்ல அடிண்ணே" என்று சிரிப்பான், பாவி.

ஆனால் அவன் இடித்தால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும். ரக்பி லீக்கில் அதுதானே வேண்டும்! தோற்றுக்கொண்டே கிடந்த நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். டீமில் வெளிநாட்டு ஆட்களுக்கு இருக்கும் இடமோ கொஞ்சம். "உடம்பு உடைஞ்சா அன்னைக்கே ஊருக்கு அனுப்பிட்டு வேற ஆளைக் கொண்டாருவேன்" என்று சேர்மன் முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டார். செமிசியின் மனைவி கைக்குழந்தையோடு ஒரு செவ்வாய்க்கிழமை மான்செஸ்டரில் வந்து இறங்குவதாக இருந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை, கொட்டுகிற மழையில், பக்கத்து ஊர் மார்க்லியோடு ஆட்டம். அந்த டீமில் ஆடுகிறவன் என் தம்பி டீன். ஆட்டத்துக்கு முன்னால் என்னை ஓரமாக இழுத்தான்.

"போன தடவை ஆட்டம் முடிஞ்சு ரெண்டு டீமும் பார்ல உக்காந்து கறி அடைச்ச 'பை' தின்னோம்ல? அந்தத் தடியன் பட்டாணியை இடது கையால அள்ளுனான்ணே, வலது கையைத் தூக்கவே இல்ல. வலது தோள் போயிருக்கு. இன்னைக்குப் பேத்து எடுக்குறேன். ஜெர்சி உனக்குத்தான்."

"வாயை மூடிக்கிட்டு ஆடுடா" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

டீன் சொன்னதைச் செய்தான். முதல் இடியில் செமிசியின் மூக்கு கிழிந்தது. இரண்டாம் பாதியில் நான் உள்ளே இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், அவனைச் சேற்றில் சாய்த்து, மேலே விழுந்து, கையை முதுகுப் பக்கம் முறுக்கினான். டொக் என்று கேட்டது. பந்து அதற்குள் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. எல்லார் கண்ணும் அங்கே. தோள் எலும்பு முன்னால் புடைத்துக்கொண்டு நிற்க, செமிசி முழங்காலில் இருந்தான்.

"அண்ணே, இழுத்து மாட்டிவிடு. டாக்டர் பாத்தா அனுப்பிருவாங்க. பொண்டாட்டி வர்றாண்ணே."

நான் கையைத் தூக்கி டாக்டரைக் கூப்பிட்டால் போதும், ஜெர்சி எனக்கு. பாதி தூக்கியும் விட்டேன். அவன் வாயிலிருந்து ரத்தமும் சேறும் வடிய, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "நாசமாப் போ" என்று கத்தி, குதிகாலை அவன் அக்குளில் கொடுத்து இழுத்தேன். டொக்கென்று எலும்பு உள்ளே போயிற்று.

டீன் மறுபடியும் அதே தோளைக் குறிவைத்து ஓடிவந்தான். நான் குறுக்கே பாய்ந்து அவன் தாடையில் முட்டினேன். இரண்டு பல்லைத் துப்பினான்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனாடா!"

மேலே ஒரு குத்தும் விட்டேன். நடுவர் என்னைப் பத்து நிமிஷம் வெளியே உட்காரவைத்தார். அங்கிருந்துதான் பார்த்தேன்: வலது கை தொங்க, மூன்று பேரை இழுத்துக்கொண்டே போய் செமிசி பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஜெயித்துவிட்டோம்.

பாரில் ஒரே கூச்சல். டீன் தாடையில் ஐஸ் வைத்துக்கொண்டு, கறிப் 'பை'யை மெல்ல முடியாமல் குழம்பை மட்டும் உறிஞ்சினான். சேர்மன் பீர் கிளாஸோடு வந்தார்.

"இவனைக் கொண்டாந்தது யாருய்யா? நான்!" என்று செமிசியின் வலது மணிக்கட்டைப் பிடித்து, குத்துச்சண்டையில் ஜெயித்தவனுக்குச் செய்வதுபோல் விசுக்கென்று மேலே தூக்கினார்.

"ஐயோ, கையை விடுங்க!" என்று நான் அலறியது யார் காதிலும் விழவில்லை. செமிசி போட்ட கத்தலில் பாரே அடங்கிப்போயிற்று. சாய்ந்தவனை டீன்தான் தாங்கிப் பிடித்துத் தரையில் கிடத்தினான்.

பிதுங்கி நின்ற தோளைச் சேர்மன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "சிட்னிக்குப் போன் போடு" என்றார். என் பக்கம் திரும்பினார்.

"கார்த், புது ஆள் வர்ற வரைக்கும் எட்டாம் நம்பர் நீ போட்டுக்க."

தரையில் கிடந்தபடியே செமிசி என்னைப் பார்த்தான்.

"சரிங்கய்யா" என்றேன்.